மணிக்கணக்கு எழுதாமல் மெஷின் வாங்காதீர்கள்

(கோல சிலாங்கூர் வட்டாரச் செம்பனைச் சிறுதோட்டக்காரர்கள், தோட்டக் குத்தகையாளர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஈஜோக் வரைக்கும், இந்தப் பக்கம் ஜெராம், புக்கிட் ரோத்தான், அந்தப் பக்கம் உலு சிலாங்கூர் எல்லை வரைக்கும் என்னைப் பார்க்கிறவர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, ரப்பர் ட்ராக் போட்ட சின்ன லோடர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிவிடலாமா? இல்லை, வாடகைக்கே எடுத்துக்கொண்டிருக்கலாமா?" கேட்கிறவர் முகத்தைப் பார்த்தாலே பாதிப் பேர் உள்ளுக்குள் வாங்கி முடித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. சரி என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு வாடகைக்கு எடுங்கள். அந்த ஓராண்டில் இயந்திரம் உங்களுக்காக ஓடிய ஒவ்வொரு மணி நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு சொன்னால் வாங்குங்கள். உங்கள் ஒருவர் நோட்டு சொல்லாமல், நாலு பேர் நோட்டைக் கூட்டினால் சொல்லுமானால், நாலு பேராக வாங்குங்கள். இதற்கு மேல் நான் பேசப்போவதெல்லாம் இதற்கான காரணங்கள்.

முதலில் இயந்திரம். நம் ஊரில் சின்ன லோடர் எதுவானாலும் பாப்கேட் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குரிய இயந்திரத்தின் பிறப்பு 1957இல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒருவருக்குக் கொட்டகைக்குள் திரும்பி எருவை அள்ள ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருந்த கெல்லர் சகோதரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். 1960இல் அது நான்கு சக்கரத்துக்கு வந்தது. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் ட்ராக் போட்டு, சேற்றிலும் ஓடும்படி ஜப்பானின் தகேயுச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்ததுதான் இன்று நாம் பேசுகிற காம்பேக்ட் ட்ராக் லோடர். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தது அந்த வான்கோழிப் பண்ணைக்காரர்தான். எந்த வேலைக்கு, எவ்வளவு இடத்துக்குள், எத்தனை முறை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஏற்றபடிதான் இயந்திரம் பிறந்தது. நாம் தலைகீழாகப் போகிறோம். மெஷினை முதலில் பார்த்துவிட்டு அதற்கு வேலை தேடுகிறோம்.

இந்த லோடர் என்ன செய்யும்? மண் அள்ளும், பரப்பும், தூக்கும். தோட்டச் சாலைக்குச் செம்மண் கொட்டினால் சமன்படுத்தும். ஆலையிலிருந்து வருகிற வெற்றுக் குலைகளை வரிசைக்கு இடையில் கொண்டுபோய்ப் பரப்பும். உரமூட்டை இறக்கும். மட்டைகளைத் தள்ளி ஒதுக்கும். அகலம் இரண்டு மீட்டருக்கு உள்ளேதான். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் வரிசைக்கு வரிசை ஏழரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால் தாராளமாக நுழைந்து வரும். எடை மூன்று, நான்கு, ஐந்து டன் இருந்தாலும் ட்ராக்கின் பரப்பில் அது பிரிந்துவிடுவதால் மண்ணின் மேல் விழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு நான்கு முதல் ஆறு பவுண்டு அளவுதான் இருக்கும். நடக்கிற மனிதனின் ஒற்றைக் காலடி கொடுக்கும் அழுத்தத்துக்குப் பக்கத்தில். சக்கரம் போட்ட லோடர் இதைப்போலப் பல மடங்கு அழுத்தும்.

இப்போது நம் நிலத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்குச் செம்பனையில் ஒரு தனிப் பெருமை உண்டு. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். காப்பி சரிப்படாமல் போன நிலத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். (பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கியவரும் இவரேதான்.) நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. இந்த நூறு ஆண்டிலும் கடலோரத் தோட்டங்களை உயிரோடு வைத்திருப்பது எது என்று பழைய கங்காணிகளைக் கேட்டால் ஒரே பதில் சொல்வார்கள்: வாய்க்கால். கடலோரக் களிமண்ணில் நீர் வடியாவிட்டால் மரம் நிற்காது. இந்த லோடரால் வாய்க்கால் வெட்ட முடியாது. தரைமட்டத்துக்கு மேலே அதற்குப் பலம் அதிகம், தரைக்குக் கீழே கை நீளாது. வாய்க்காலுக்கு வேண்டியது பேக்கோ அல்லது மினி எஸ்கவேட்டர். ஆகவே ஜெராமிலும் புக்கிட் ரோத்தானிலும் களிமண் நிலம் வைத்திருப்பவர்கள் லோடர் வாங்கலாமா என்று கேட்டால், உங்கள் வேலையில் வாய்க்கால் எத்தனை பங்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிக்கு மேல் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பெஸ்தாரி ஜெயா பக்கம் கதை வேறு. பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில் ஈயம் தோண்டிய பூமி. தோண்டிக் கழித்த மணல் இன்னும் கிடக்கிறது. மணலில் லோடர் நன்றாக ஓடும். ஆனால் அந்த மணல் ட்ராக்குக்கும் உருளைகளுக்கும் இடையில் புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் ட்ராக்கின் ஆயுள் ஏறத்தாழ 1,200 முதல் 1,600 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மணலிலும் சரளையிலும் தாரிலும் ஓட்டினால் அதற்கு முன்பே போய்விடும். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு லோரி கூலியை மிச்சம் பிடிக்கத் தார்ச்சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ட்ராக் தேய்வதில் அந்த லோரி கூலி போய்விடுகிறது.

ராஜா மூசா காட்டோரத்துக் கரிமண் நிலம் மூன்றாவது வகை. அங்கே எந்த இயந்திரமானாலும் மண்ணைத் தெரிந்த ஆள் ஓட்ட வேண்டும். அடியில் மட்டை பரப்பாமல் நான்கு டன் மெஷினை இறக்கினால், அதை வெளியே எடுக்க இன்னொரு மெஷினுக்கு வாடகை கொடுக்க நேரும். அங்கே சொந்த மெஷினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மெஷின் சும்மா நிற்பதைப் பார்க்க நமக்கு மனம் வராது. அது எஸ்கவேட்டராக இருந்தால், வாய்க்காலை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்து, அந்த ஓரத்தையும் வெட்டு என்று ஏவிக்கொண்டே இருப்போம். கரிமண்ணில் நீர்மட்டம் தேவைக்குமேல் இறங்கினால் நிலம் தாழும், உலர்ந்த கரிமண் தீப்பிடிக்கும். கடலோரத்தில் சில களிமண்ணுக்கு அடியில் கந்தகச் சேர்மம் உண்டு. ஆழ வெட்டிக் காற்றுப் பட்டால் அது அமிலமாகி வேரைத் தாக்கும். வாடகை மெஷின் வேலை முடிந்ததும் போய்விடும். சொந்த மெஷின் போகாது, வேலையை உண்டாக்கிக்கொள்ளும். கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவுக்குப் பத்தியே கிடையாது.

இனி கணக்கு. நான் சொல்லப்போகிற எண்கள் சந்தை விலை அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நானே வைத்துக்கொள்கிற எண்கள். உங்கள் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை 2,00,000 ரிங்கிட் என்று வைப்போம். ஐந்தாண்டு கழித்து விற்றால் 80,000 வரும் என்று வைப்போம். தேய்மானம் 1,20,000, ஆண்டுக்கு 24,000. முன்பணம் 40,000 கட்டி, மீதி 1,60,000க்கு நான்கு விழுக்காடு ஃபிளாட் வட்டியில் ஐந்தாண்டுக் கடன். வட்டி ஆண்டுக்கு 6,400. மாதத் தவணை 3,200. காப்புறுதி, நிறுத்தக் கொட்டகை, சில்லறை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,000. ஆக, மெஷின் ஒரு பிடி மண் அள்ளாமல் நின்றாலும் ஆண்டுக்கு 33,400 ரிங்கிட் செலவு. ஓடினால் ட்ராக், பக்கெட் பல், ஃபில்ட்டர், எண்ணெய் என்று மணிக்கு 24 ரிங்கிட் என்று வைப்போம். டீசலையும் ஓட்டுநர் கூலியையும் இரண்டு பக்கமும் ஒன்றாக விட்டுவிடுகிறேன்.

மெஷின் மட்டும் வாடகைக்கு எடுத்தால் நாளொன்றுக்கு 720, எட்டு மணி நேரக் கணக்கில் மணிக்கு 90 என்று வைப்போம். சொந்தமாக ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் 66 ரிங்கிட் மிச்சம். 33,400ஐ 66ஆல் வகுங்கள். 506 மணி நேரம். ஆண்டுக்கு அதற்கு மேல் ஓடினால் வாங்கியது நியாயம். குறைந்தால் ஒவ்வொரு மணிக்கும் நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள்.

பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆண்டில் நான்கு நாள் வேலை இருக்கும் என்றால் அது 32 மணி. வாடகை 2,880 ரிங்கிட், அதோடு லோரி கூலி. சொந்த மெஷின் என்றால் 34,000க்கு மேல். வீட்டில் ஒரே ஒரு கல்யாணம் என்றால் அண்டாவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. மூன்று நான்கு தோட்டங்களில் குத்தகை எடுத்து ஆண்டுக்கு 900 மணி ஓட்டுகிற தம்பி ஒருவருக்குக் கணக்கு வேறு. வாடகை 81,000, சொந்தம் 55,000. அவர் வாங்காமல் இருந்தால் ஆண்டுக்கு 26,000 ரிங்கிட்டை வாடகைக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் 506 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஐந்தாண்டு கழித்து 80,000க்குப் பதில் 40,000தான் கிடைக்கிறது என்றால் அந்த எண் 627 ஆகிவிடும். இன்னொரு பக்கம் பாருங்கள். நாள் வாடகை எட்டு மணிக்குக் கொடுக்கிறீர்கள். காலையில் மழை, மத்தியானம் உர லோரிக்காகக் காத்திருப்பு, ஹவர் மீட்டரில் ஏறியது ஐந்து மணிதான். அப்படியானால் உங்கள் உண்மையான வாடகை மணிக்கு 144. இப்போது வகுத்தால் 278 மணியிலேயே சொந்தம் லாபமாகிவிடுகிறது. ஒரே மெஷின், ஒரே விலை. 278க்கும் 627க்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்பதை விற்பனையாளர் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அதனால்தான் நோட்டு. வாடகை மெஷின் வந்த நாளில் இரண்டு எண் எழுதுங்கள்: காசு கொடுத்த மணி, மீட்டரில் ஓடிய மணி. என்ன வேலை என்பதையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். எம்எஸ்பிஓ என்ற செம்பனைச் சான்றிதழுக்காக 2020இலிருந்து சிறுதோட்டக்காரர்களும் பதிவேடு வைக்கப் பழகி வருகிறோம். அதில் இன்னும் ஒரு பக்கம், அவ்வளவே.

கடனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான்கு விழுக்காடு ஃபிளாட் என்றதும் நான்குதானே என்று தோன்றும். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது. ஐந்தாண்டுக் கடனில் அது உண்மையில் ஏறத்தாழ 7.4 விழுக்காடு. இதைவிட முக்கியம் சட்டம். கார் வாங்கும்போது நம்மைக் காப்பது 1967ஆம் ஆண்டின் ஹையர் பர்ச்சேஸ் சட்டம். தவணை தவறினால் முறையாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுத்துப்போகக் கூடாது என்பதெல்லாம் அந்தச் சட்டம் தருகிற பாதுகாப்பு. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கார், மோட்டார் சைக்கிள், சிறிய சரக்கு வண்டி, வீட்டுப் பொருட்கள் போன்றவைதான் இருக்கின்றன. தோட்டத்தில் ஓடும் லோடர் இல்லை. ஆகவே உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் இருப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டுமே. காரைப் போல்தான் இதுவும் என்று நினைத்து ஆங்கில ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். மனைவியோ அண்ணனோ ஜாமீன் நிற்கிறார் என்றால், மெஷினை ஏலம் போட்ட பிறகும் மீதிக் கடன் அவர் தலையில் வரலாம். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வாடகைப் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. ஆளும் டீசலும் சேர்ந்த வாடகையா, மெஷின் மட்டுமா? தீபகற்பத்தில் டீசல் 2024 ஜூன் 10இல் லிட்டருக்கு 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். டீசல் யார் பொறுப்பு என்று எழுதாமல் நீண்ட வாடகை பேசியிருந்தவர்களுக்கு அந்த இரவு நல்ல இரவாக இருந்திருக்காது. 2025 ஜூலை 1 முதல் வாடகை, குத்தகைச் சேவைகள்மீதும் சேவை வரி விரிவுபடுத்தப்பட்டது. சிறு வியாபாரிகளுக்கு விலக்கு வரம்பு உண்டு. நீங்கள் அந்த வரம்புக்குள் வருகிறீர்களா, வாடகை விலையில் வரி சேர்ந்ததா சேராததா என்பதைப் பேசி முடிக்கும் முன் கேளுங்கள். ட்ராக் அறுந்தால் யார் செலவு, மழை நாளுக்குப் பாதி வாடகையா முழு வாடகையா, மெஷின் படுத்துவிட்டால் எத்தனை மணிக்குள் மாற்று மெஷின் வரும் என்பதெல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. மெஷின் இறங்கும்போதே நாலு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

வாடகையின் பெரிய குறை பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நம் மேற்குக் கரையில் ஏப்ரலை ஒட்டி ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் ஒரு பெருமழை. சாலை போடவும் வெற்றுக் குலை பரப்பவும் நமக்குக் கிடைப்பது இடைப்பட்ட காய்ந்த வாரங்கள்தான். எனக்குத் தேவைப்படும் வாரத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துக்கும் தேவை. மறுநடவு வந்தால் இன்னும் மோசம். மரத்தைச் சாய்த்துக் கொளுத்துவதற்கு இடமில்லை. துண்டு போட்டு அடுக்கித்தான் ஆக வேண்டும், ஒவ்வொரு அசைவுக்கும் மெஷின் வேண்டும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் காத்திருப்புக்குப் பயந்துதான் வாங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு 2,00,000 ரிங்கிட்தான் ஒரே மருந்தா?

பக்கத்துத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களைப் பாருங்கள். அறுவடைக்குக் கம்பைன் இயந்திரம் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. ஆனாலும் வயலுக்கு ஒரு கம்பைன் நிற்கவில்லை. குத்தகைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், பாசனத்தை வரிசைப்படுத்தி விடுவதால் அறுவடையும் பகுதி பகுதியாக வருகிறது, இயந்திரமும் பகுதி பகுதியாக நகர்கிறது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர், எஸ்கவேட்டர், டிராக்டர் எல்லாவற்றையும் விவசாயிகளுக்கு மணி வாடகைக்கு விடுகிறது. 2022 முதல் இ-வாடகை என்ற செயலியில் முன்பதிவு செய்யலாம். அரசாங்கமே வைத்திருக்கிற ஏற்பாடு அது. அப்படி ஒன்றுக்காகக் காத்திருக்காமல் இங்கே நாமே செய்ய முடிந்தது என்ன?

முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டானபோது நம் ஆட்கள் வேலையும் லயமும் இழந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை உங்கு அஜிஸ் தனி ஆய்வாகவே பதிவு செய்திருக்கிறார். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி என்று நூறு வெள்ளிப் பங்கு சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தப் பணம் வாங்கியது. தனி ஆளாக ஒரு ஏக்கர் வாங்க வழியில்லாதவர்கள் சேர்ந்து தோட்டத்துக்கே உரிமையாளர் ஆனார்கள். தோட்டத்தையே கூட்டாக வாங்கிய சமூகத்துக்கு ஒரு லோடர் கூட்டாக வாங்குவது முடியாத காரியம் அல்ல.

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். நான்கு பேர் நோட்டிலும் ஆளுக்கு 150 மணி இருந்தால் கூட்டினால் 600. எண் சரிதான். நால்வருக்கும் அதே காய்ந்த வாரம் வேண்டும் என்பதில்தான் சண்டை வரும். ஆகவே நோட்டில் மணியோடு மாதத்தையும் பாருங்கள். களிமண் தோட்டக்காரரும் மணல் தோட்டக்காரரும் சேர்ந்தால் நல்ல ஜோடி. மழை விட்ட மறுநாளே மணலில் வேலை தொடங்கலாம், களிமண் காயக் காத்திருக்கும். நான்கும் ஒரே மண்ணாக இருந்தால் சீட்டுக் குலுக்கி இந்த ஆண்டு முறையை எழுதுங்கள், அடுத்த ஆண்டு சுழற்றுங்கள்.

வாயளவில் கூட்டு வேண்டாம். ஒரு சிறு சென்டிரியான் பெர்ஹாட்டோ, இரண்டு பேர் இருந்தாலே பதியக்கூடிய வரம்புக்குட்பட்ட கூட்டாண்மையோ போதும். மெஷின் அதன் பெயரில் இருக்கட்டும். பங்குதாரர் தன் தோட்டத்துக்கு ஓட்டினாலும் மணிக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். நம் மெஷின்தானே என்று இலவசமாக ஓட்டினால், 1,200ஆவது மணியில் ட்ராக் மாற்றும்போது பெட்டியில் காசு இருக்காது, அதிகம் ஓட்டியவரும் குறைவாக ஓட்டியவரும் முகம் பார்க்க மாட்டார்கள். அந்த மணிக்கட்டணத்தில் ஒரு பங்கு ட்ராக் நிதிக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும். ஓட்டுநர் ஒருவராக இருக்கட்டும், நிறுவனத்தின் சம்பளத்தில். நான்கு வீட்டுப் பையன்களும் மாறி மாறி ஓட்டுகிற மெஷினில் எது யாரால் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. நம் பிள்ளைகளில் ஒருவர் முறையாகப் பயின்று அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. தோட்டத்தில் கூலிக்கும் திறனுக்கும் இருக்கிற இடைவெளியை அடைக்கிற வேலை அது.

கடைசியாக, விலகுவது. ஒருவர் நிலத்தை விற்கலாம், ஒருவர் காலமாகலாம், ஒருவருக்கு மனம் மாறலாம். அப்போது அவர் பங்கின் மதிப்பை யார் எப்படிப் போடுவது, மற்றவர்கள் எத்தனை மாதத்தில் அதைக் கொடுத்துத் தீர்ப்பது, பாக்கிக் கடனுக்கு அவர் போட்ட ஜாமீன் என்ன ஆவது என்பதை மெஷின் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எல்லோரும் நல்ல மனத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிற நாளில் அது அரை மணி நேர வேலை. கையில் நோட்டு இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டலாம். இல்லாதவர்கள் அடுத்த வாடகை மெஷின் வந்து இறங்குகிற அன்றே ஆரம்பியுங்கள், மீட்டர் எண்ணிலிருந்து.